ழான் சொன்னதை ழான் சொன்னபடியே போடுங்கள்

எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

போன மாதக் கடைசி ஞாயிறு மாலை நீங்கள் திரையிட்ட ‘ழான் தார்க்கின் பாடுகள்’, ஆங்கிலேயரை எதிர்த்துப் பிரான்சுக்காகப் போரிட்டுப் பிடிபட்டு, திருச்சபை நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்ட ழானின் (ஜோன் ஆஃப் ஆர்க்) கதை. அதில், விசாரணைக்கு நடுவே ஒரு கேள்வி வருகிறது. “நீ தேவ அருளில் இருக்கிறாயா?” அதற்கு ழானின் பதிலாக நீங்கள் போட்ட தமிழ்த் துணைவரி (சப்டைட்டில்): “ஆம், இருக்கிறேன்.”

அவள் அப்படிச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் விசாரணையை அன்றைக்கே முடித்து விறகு அடுக்கியிருப்பார்கள்.

படம் முடிந்ததும் வாசலில் நின்று செயலாளரிடம் இதைச் சொன்னேன். “பார்க்கிறோம் சார்” என்றார். மறுநாள் வாட்ஸாப் குழுவில் எழுதினேன். “வரி நீளமாக இருந்தது, படிக்க வசதியாகச் சுருக்கினோம், கருத்து மாறவில்லை, வேறு யாரும் குறை சொல்லவில்லை” என்று பதில் வந்தது. அன்று மாலையே குழுவில் நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிட்டீர்கள். சரி, அதுகூடப் போகட்டும். இதே படப் பிரதியை, இதே துணைவரிகளோடு, மே 30 அன்று ழானின் திருநாளுக்குப் பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்துப் போடப்போவதாகப் போன வாரம் அறிவித்திருக்கிறீர்கள். அதனால்தான் எல்லாரும் படிக்கிற மாதிரி இதை எழுதுகிறேன்.

நான் 31 வருடம் நீதிமன்றத்தில் சாட்சியம் தட்டச்சு செய்தவன். சாட்சி பேசுவது ஒன்று, தாளில் ஏறுவது ஒன்று என்பதை விரல் நுனியில் படித்தவன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு கிழவி “இருட்டுல அவன மாதிரிதான் தெரிஞ்சுது” என்றாள். நான் “அவரைப் பார்த்தேன்” என்று அடித்தேன். படித்துக் காட்டியபோது, “நான் எங்கய்யா பார்த்தேன்னு சொன்னேன்?” என்று கூண்டிலிருந்தே கேட்டுவிட்டாள். திருத்தினோம். அவள் கேட்காமல் போயிருந்தால், கீழே வழக்கமான அந்த வரியும் சேர்ந்திருக்கும்: படித்துப் பார்த்து சரியென ஒப்புக்கொண்டார். நானும் அன்றைக்கு வசதிக்காகத்தான் சுருக்கினேன். கருத்து மாறவில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்தக் கேள்விக்கு வருகிறேன். 1431 பிப்ரவரி 24. இடம் ருவான் கோட்டை. எதிரே மேற்றிராணியார் (ஆயர்) பியேர் கோஷோனும், இறையியல் படித்த பெரியவர்களும். நடுவில் எழுதப் படிக்கத் தெரியாத, சுமார் 19 வயதுப் பெண். அவளுக்காகப் பேச வழக்கறிஞர் கிடையாது. “தேவ அருளில் இருக்கிறாயா?” என்கிறார்கள். தான் அருள்நிலையில் இருப்பதாக எந்த மனிதனும் நிச்சயமாகச் சொல்லக்கூடாது என்பது திருச்சபையின் போதனை. ‘ஆம்’ என்றால் அகந்தை, பேதகம், அதாவது திருச்சபைக்கு விரோதமான கொள்கை. ‘இல்லை’ என்றால் பாவத்தில் இருப்பதாக அவளே ஒப்புக்கொண்டது ஆகிவிடும், வானத்திலிருந்து கேட்டதாக அவள் சொன்ன குரல்களும் பசாசின் குரல்களாகிவிடும். நீதிமன்றத்தில் இப்படிப்பட்ட கேள்விகளை நிறையக் கேட்டிருக்கிறேன். “இப்போதெல்லாம் மனைவியை அடிப்பதை நிறுத்திவிட்டீர்களா?” என்பது அந்த ரகம். படத்திலும் மாஸ்யூ என்ற இளம் குரு, ஆபத்தான கேள்வி என்று அவளை எச்சரிக்கப் பார்க்கிறார்.

அவள் சொன்னது: “நான் அதில் இல்லையென்றால் கடவுள் என்னை அதில் வைப்பாராக. இருந்தால் அதிலேயே என்னைக் காப்பாராக.”

கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள் என்று, அங்கே உட்கார்ந்து எழுதிய எழுத்தர்களில் ஒருவர் பின்னாளில் சாட்சி சொல்லியிருக்கிறார். நீங்கள் அவள் வாயில் வைத்த ‘ஆம்’ எது தெரியுமா? கோஷோன் அவளிடமிருந்து வரவழைக்கப் பார்த்த அதே பதில். அவருக்குக் கிடைக்காததை ஏறக்குறைய 600 வருடம் கழித்துப் புதுச்சேரியில் நாம் கொடுத்திருக்கிறோம்.

யாரும் கவனிக்கவில்லை என்றீர்களே, என் அம்மா கவனித்தார். 82 வயது. சின்ன வயதில் ‘சின்னக் குறிப்பிடம்’ என்ற மறைக்கல்விப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவர், தேவ அருளுக்கு அவர் படித்த சொல் இஷ்டப்பிரசாதம். தூமா வீதிப் பக்கம் போனால், கப்ஸ் கோயிலுக்கு எதிரே தோட்டத்தில் நிற்கிற ழான் தார்க் சிலையைப் பார்த்து ஒரு சிலுவை போடாமல் நகர மாட்டார். உங்கள் துணைவரியைப் படித்துவிட்டு என் காதருகே வந்து, “இஷ்டப்பிரசாதத்துல இருக்கேன்னு அவளே சொல்லிக்கிட்டாளா? ஆங்காரமால்ல இருக்கு” என்றார். குரலில் வருத்தம். வீட்டுக்கு வந்து உண்மைப் பதிலைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அத ஏன் மாத்துனாங்க?” என்றார். என்னிடம் பதில் இல்லை, உங்களிடம் கேட்கிறேன்.

நீளம் என்ற காரணத்தை நான் ஏற்கமாட்டேன். இது ஊமைப்படம். வசன அட்டை வந்து திரையில் நிற்பதே நாம் படிப்பதற்குத்தான். அந்த அட்டையில் பிரெஞ்சில் முழுப் பதிலும் இருக்கிறது, அதைப் படித்து முடிக்கிற அளவுக்கு நிற்கவும் செய்கிறது. அதன் அடியில் உங்களுடைய இரண்டு சொல். அட்டைக்கு முன் அவள் உதடுகள் அசைவதைப் பார்த்தால், ‘ஆம்’ என்று சொல்கிற வாயாகவா தெரிகிறது? முகங்களை இத்தனை கிட்டத்தில் வைத்து எடுத்த படத்தில் உதட்டைப் பார்க்காமல் வேறு எதைப் பார்த்தீர்கள்?

இது ஒன்றுதான் என்றால் கைப்பிழை என்று விட்டிருப்பேன். கடவுள் ஆங்கிலேயரை வெறுக்கிறாரா என்று கேட்கிறார்கள். நீங்கள் போட்டது “எனக்குத் தெரியாது.” அவள் சொன்னதோ, கடவுள் அவர்களை நேசிக்கிறாரா வெறுக்கிறாரா என்று எனக்குத் தெரியாது, ஆனால் இங்கேயே சாகிறவர்களைத் தவிர மற்ற ஆங்கிலேயர் எல்லாரும் பிரான்சிலிருந்து துரத்தப்படுவார்கள் என்பது தெரியும் என்று. சிறையில் அடைத்து, சங்கிலி போட்டு, சுற்றிலும் ஆங்கிலச் சிப்பாய்களை நிறுத்தியிருக்கும்போது சொல்கிறாள். அதில் பாதியை வெட்டிவிட்டு, எதுவும் தெரியாத அப்பாவிப் பெண்ணாக்கிவிட்டீர்கள். மிக்கேல் சம்மனசு (வானதூதர்) நிர்வாணமாக வந்தாரா என்று கேட்டபோது, “அவருக்கு உடுத்தக் கொடுக்கக் கடவுளிடம் வழியில்லை என்று நினைக்கிறீர்களா?” என்று திருப்பிக் கேட்டவள் அவள். உங்கள் வரியில் அது “இல்லை.” தலைமுடி இருந்ததா என்றதற்கு, “ஏன் வெட்டியிருக்க வேண்டும்?” என்றாள். அதற்குத் துணைவரியே இல்லை. பெயரைக் கேட்டபோது, எங்கள் ஊரில் என்னை ழானெத் என்பார்கள், பிரான்சுக்கு வந்தபின் ழான் என்கிறார்கள் என்றாள். வீட்டுப் பெயரையும் வெளிப் பெயரையும் ஒரே மூச்சில் சொல்கிற கிராமத்துப் பெண் அதில் தெரிகிறாள். நீங்கள் போட்டது “என் பெயர் ஜோன்.” அந்தக் குறும்பையும் துணிச்சலையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது அழுகிற ஒரு முகம். ஃபால்கொனெத்தி என்ற அந்த நடிகை அழுததற்கு மட்டுமா இந்தப் படம் இத்தனை வருடம் நிற்கிறது?

எழுத்தர் வேலை பார்த்தவன் என்பதால், படத்தை முதல்முறை பார்த்த பிறகு ருவான் விசாரணையின் எழுத்தர்களைத் தேடிப்பிடித்துப் படித்தேன். முதன்மை எழுத்தர் கியோம் மான்ஷோன். காலையில் பிரெஞ்சில் குறிப்பெடுத்து, பிற்பகலில் ஒப்பிட்டுப் பார்த்தவர். ஜன்னல் திரைக்குப் பின்னால் இரண்டு பேரை ஒளித்து உட்காரவைத்து, அவளுக்கு எதிரானதை மட்டும் எழுதி, அவள் சொன்ன சமாதானங்களை விட்டுவிடச் செய்தார்கள் என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் எழுதியதையே மாற்றச் சொல்லியும் வற்புறுத்தியிருக்கிறார்கள். மே 24 அன்று, பேசியதை எல்லாம் மறுப்பதாக அவளிடம் ஒரு தாளில் கையொப்பம் வாங்கினார்கள். ஏழெட்டு வரிதான் இருந்தது என்று அதைப் படித்துக் காட்டிய மாஸ்யூ சொன்னார். ஒரு பரலோக மந்திரம் சொல்கிற நேரம்தான் ஆனது என்றார் இன்னொருவர். விசாரணைக் கோப்பில் இன்று இருக்கிற தாளோ அதைவிடப் பல மடங்கு நீளம். நாலு நாள் கழித்து, குரல்களைப் பற்றிக் கேட்டபோது அவள் சொன்ன பதிலுக்குப் பக்கத்தில், ஓரத்தில், லத்தீனில் இரண்டு சொல் எழுதியிருக்கிறது: சாவுக்குரிய பதில். அந்த ஓரக்குறிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. எழுதிய கைக்குத் தெரிந்திருக்கிறது. மே 30 அன்று பழைய சந்தைத் திடலில் எரித்தார்கள். அந்த வழக்கில் கிடைத்த கூலியில் ஒரு பகுதியைக் கொண்டு மான்ஷோன் ஒரு பூசைப் புத்தகம் வாங்கினாராம், அவளுக்காக வேண்டிக்கொள்ள.

1456இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ததும் இப்படிப்பட்ட சாட்சியங்களைக் கேட்டுத்தான். யார் என்ன எழுதினார், எதை விட்டார் என்று ஆளாளாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். 1920இல் புனிதை என்று பீடத்தில் ஏற்றினார்கள். அவள் கையால் எழுதிய புத்தகம் எதுவும் இல்லை, அவள் எதிரே இருந்து வரைந்த படம் ஒன்றும் நம் கையில் இல்லை. அவள் குரல் என்று இருப்பதில் பெரும்பகுதி அந்தக் கோப்பில் இருக்கிற பதில்கள்தான், அதுவும் பகைவர்கள் எழுதிவைத்தது. டென்மார்க்காரரான கார்ல் தியோடர் டிரையர் 1927இல் படமெடுக்க உட்கார்ந்தபோது, போர்க்களத்தையும் முடிசூட்டு விழாவையும் விட்டுவிட்டு இந்தக் கோப்பைத்தான் கையில் எடுத்தார். கோப்பைப் பதிப்பித்த பியேர் ஷாம்பியோன் என்ற வரலாற்றாசிரியரை ஆலோசகராக வைத்துக்கொண்டார். படத்தின் முதல் காட்சியே ஒரு கை அந்தக் கோப்பின் பக்கங்களைப் புரட்டுவதுதான். இது கோப்பிலிருந்து வந்தது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று படம் நமக்குச் சொல்கிற இடம் அது.

அந்தக் காட்சி ஓடும்போது, உங்கள் செயலாளர் திரைக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு தேநீர் உபயம் செய்தவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நிழல் பக்கங்களின் மேல் விழுந்தது. இதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை, அப்படியே நடந்தது.

டிரையரும் சுருக்கியவர்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மாதக்கணக்கில் நடந்த விசாரணையை ஒரே நாள்போல ஆக்கினார். பல பேர் கேட்டதை ஒருவர் வாயில் வைத்தார். அரசன் எழுதியதாக ஒரு போலிக் கடிதத்தைக் காட்டி ஏமாற்றும் காட்சியையும் சேர்த்தார். ஆனால் கேள்வியிலிருந்த கண்ணியை அவர் எடுக்கவில்லை, அதில் சிக்காமல் அவள் தப்பியதையும் எடுக்கவில்லை. சுருக்குவதற்கும் தலைகீழாக்குவதற்கும் வித்தியாசம் உண்டு.

இன்னொன்று. சுவரொட்டியில் ‘முழுப் படம்’ என்று போட்டிருந்தீர்கள். இரண்டு காட்சிகள் இல்லை. காய்ச்சலில் விழுந்தவளுக்குக் கையில் நரம்பைக் கீறி ரத்தம் எடுக்கும் காட்சி ஒன்று. அவள் எரியும்போது கூட்டத்தில் ஒரு தாயின் மார்பில் பால் குடிக்கிற குழந்தை வருகிற காட்சி இன்னொன்று. பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்று வெட்டினீர்களாம். பெண்ணை உயிரோடு எரிப்பதைப் பார்க்கலாம், குழந்தை பால் குடிப்பதைப் பார்க்கக்கூடாதா? இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. ரத்தக் காட்சியும் சும்மா வரவில்லை. ஆங்கிலேயர் 10,000 லீவ்ர் (அந்தக் காலப் பிரெஞ்சுப் பணம்) கொடுத்து வாங்கிய கைதி அவள். அவள் நோயில் செத்துவிடக்கூடாது, தீர்ப்பில்தான் சாக வேண்டும், அவ்வளவு விலை கொடுத்திருக்கிறோம் என்று ஆங்கிலேயத் தரப்பின் வார்விக் பிரபு சொன்னதாக அவளுக்கு வைத்தியம் பார்த்தவரே சாட்சி சொல்லியிருக்கிறார். எரிப்பதற்காகப் பிழைக்கவைக்கிறார்கள். அதை வெட்டினால் கோட்டையில் நல்ல வைத்தியம் நடந்ததாகத் தோன்றும்.

இந்தப் படத்துக்கு வெட்டு புதிதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரியாதென்றால் தெரிந்திருக்க வேண்டும். 1928 ஏப்ரலில் கோபன்ஹேகனில் முதலில் காட்டினார்கள். பாரிசில் அக்டோபரில் வருவதற்குள் அதிமேற்றிராணியார் தரப்பும் அரசுத் தணிக்கையும் சேர்ந்து கைவைத்துவிட்டன. ஆங்கிலச் சிப்பாய்களைக் காட்டிய விதத்துக்காக பிரிட்டன் தடைசெய்தது. அந்த வருடம் டிசம்பரில் பெர்லினில் மூல நெகட்டிவ் தீயில் போனது. எடுத்தும் படத்தில் சேர்க்காமல் வைத்திருந்த மிச்சத் துண்டுகளைக் கொண்டு டிரையர் இன்னொன்றைத் தொகுத்தார், அதன் நெகட்டிவும் தீயில் போனது. பிறகு 1950களின் தொடக்கத்தில் லோ தூக்கா என்பவர், கிடைத்த ஒரு பிரதிக்குப் பழைய இசையை ஒட்டி, வசன அட்டைகளுக்குப் பின்னால் கோயில் கண்ணாடி ஓவியங்களை வைத்து அழகுபடுத்தினார். டிரையருக்கு அது பிடிக்கவே இல்லை. 1968இல் அவர் இறந்தார். 1981இல் ஆஸ்லோ பக்கத்தில் ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியில், டேனிஷ் அட்டைகளோடு, தணிக்கைக்கு முந்தைய பிரதி ஒன்று கிடைத்தது. சாமான் அறையில் யாரும் தொடாமல் கிடந்ததால் தப்பிய படம். நீங்கள் நம் சந்தாப் பணத்தில் வாங்கிவந்தது அந்த அலமாரிப் பிரதியின் வழிவந்த, பிரெஞ்சு அட்டைகள் போட்ட பிரதிதான். அதை வாங்கிவந்து மறுபடி வெட்டியிருக்கிறீர்கள்.

தமிழ்த் துணைவரி போட முன்வந்தீர்களே, அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பிரெஞ்சோ இங்கிலீஷோ தெரியாதவர்களும் வந்து உட்கார வேண்டும் என்று நீங்கள் நினைத்தது பெரிய விஷயம். அதனால்தான் என் கோபமும் பெரிதாக இருக்கிறது. பிரெஞ்சு தெரிந்தவர் அட்டையைப் படித்துக்கொள்வார். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு உங்களை விட்டால் வேறு ஆள் கிடையாது. அவருக்குத்தான் நீங்கள் மாற்றிச் சொல்லியிருக்கிறீர்கள்.

நான் கேட்பது இவைதான்.

இப்போதுள்ள துணைவரிக் கோப்பை உடனே நிறுத்திவையுங்கள். மே 30க்கு முன் விசாரணைப் பதில்கள் ஒவ்வொன்றையும் பிரெஞ்சு அட்டையோடு ஒப்பிட்டு, முழுதாகத் தமிழில் போடுங்கள். திருத்த ஆளில்லை என்று சொல்லாதீர்கள், கோப்பை எனக்கு அனுப்புங்கள். எனக்குப் பிரெஞ்சு தெரியும், விரல் இன்னும் ஓடுகிறது. பத்து நாளில் தருகிறேன், காசு வேண்டாம். ‘தேவ அருள்’ போன்ற இடங்களில் என்ன சொல் போடலாம் என்று மறைக்கல்வி சொல்லித்தரும் ஒருவரிடமும் காட்டிக்கொள்ளுங்கள்.

வெட்டிய இரண்டு காட்சிகளையும் திரும்பச் சேருங்கள். பிள்ளைகளுக்காகச் சேர்க்க முடியாது என்று குழு முடிவெடுத்தால், அழைப்பிதழிலும் திரையிடும் முன்பும் ‘இன்னின்ன காட்சிகள் நீக்கப்பட்டவை’ என்று எழுதிக் காட்டுங்கள். ‘முழுப் படம்’ என்ற சொல் சுவரொட்டியில் இருக்கக்கூடாது.

முதல் காட்சி ஓடத் தொடங்கியபின் மேடையில் யாரும் பேசக்கூடாது. நன்றியுரையைத் தேநீர் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று வந்தவர்களுக்கு, தவறான துணைவரிகள் எவை, சரியானவை எவை என்று ஒரு பக்கம் அச்சிட்டோ வாட்ஸாப்பிலோ அனுப்புங்கள். குழுவையும் உறுப்பினர்கள் எழுதும்படி திறந்துவிடுங்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள் என்று இந்த மாதம் 15ஆம் தேதிக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். வாய்ச்சொல்லாக வேண்டாம், எனக்குத் தாளில் வேண்டும். மே 30 அன்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். போன தடவை துணைவரியை எட்டிப் பார்த்தே அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. முன்னால் இரண்டாம் வரிசையில் ஓரமாக இரண்டு நாற்காலி போட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் ஒருவன்,
புதுச்சேரி